எருவுக்கு ஒரு பெட்டி

கோழிகள் மறுபடியும் குப்பைக்குழியைக் கிளறிப் போட்டிருந்தன. முந்தின நாள் ஆரோக்கியம் அள்ளிப் போட்ட காய்த்தோலும் சருகும் கொல்லை முழுக்க இறைந்து கிடந்தன. இனிக் குழி சரிப்படாது, மூடியுள்ள ஏதாவதொன்றில்தான் எருவை மக்க வைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள். போன மாதம் வாங்கிய மூங்கில் கூடையைக் கறையான் தின்றுவிட்டது. பாகூர் கடைத்தெருவில் ஒரு தகர டிரம் இருந்தது. குனிந்து பார்த்தால் குப்பென்று பூச்சிமருந்து நாற்றம். அதில் மக்கியதைக் கத்தரிக்குப் போட்டால் காயை யார் தின்பது?

அப்போதுதான் கட்டிலுக்கடியில் கிடந்த இரும்புப் பெட்டி ஞாபகம் வந்தது. அவள் புருஷன் அந்தோணிசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவுக்குப் போய், ஐம்பத்து நாலில் திரும்பியபோது கொண்டுவந்தது. இருபத்து நாலு வருஷமாகியும் ஊரில் அவரைப் பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள்படும் ‘சொல்தா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெட்டியின் அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. தண்ணீர் வடிய அதுவே தோது. உள்ளே பூச்சி அரித்த கம்பளிக் கோட்டைத் தவிர என்ன இருக்கப்போகிறது? அவர் காலையிலேயே பென்ஷன் விஷயமாகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறியிருந்தார். முன்கூட்டிக் கேட்டால் வேண்டாம் என்பார். செய்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்.

பெட்டியைக் கொல்லைக்கு இழுத்துவந்து கோட்டை உதறிப் போட்டாள். அடியில் ஒட்டியிருந்த பழுப்புத் தாளை நகத்தால் கீறி உரித்தபோது, கீழே ஒரு போட்டோ இருந்தது.

நீள அங்கி போட்ட, சீனச் சாயலில் ஒரு பெண். மடியில் இரண்டு வயதுக் குழந்தை. குழந்தையின் நெற்றியும் நடுவில் ஒன்றுசேர்ந்த அடர்ந்த புருவமும் அப்படியே அந்தோணிசாமி. பின்பக்கம் அவருடைய சாய்ந்த கையெழுத்து: ‘என் மகள். சைகோன், 1952.’

ஆரோக்கியம் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி என்றுதான் முதலில் நெஞ்சு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சல் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே வேறொன்று வந்து அவளை அடித்துச் சாய்த்தது.

அவர் ஊர் திரும்பிக் கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் வயிறு திறக்காதபோது மாமியார் பவுனம்மாள் மகனுக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அந்தோணிசாமி சொன்னார்: “கொற எங்கிட்டதாம்மா. அங்க வந்த காச்சல்ல போயிடுச்சி. டாக்டரே சொல்லிட்டாரு. அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

அன்றோடு அவளை மலடி என்ற வாய்கள் அடைத்துப்போயின. ஞானஸ்நான வீடுகளுக்கு நிமிர்ந்து போனாள். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். ஒருநாள் சண்டையில், “நீ ஒரு ஆம்பளையா?” என்றுகூடக் கேட்டுவிட்டாள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் அவர் வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள். போட்டோவைப் பார்த்தவர் கையிலிருந்த பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

“அந்தக் காச்சல் நெஜமா?” என்றாள்.

அவர் எதிர்பார்த்த கேள்வி அதுவல்ல. “வந்துது. மூணு நாள்ல வுட்டுடுச்சி.”

“டாக்டரு?”

இல்லை என்று தலையாட்டினார்.

“அப்ப கொற எங்கிட்டதான்.” போட்டோவில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்தாள். “எதுக்கு அப்பிடிச் சொன்னீங்க?”

“உன்ன வூட்ட வுட்டு அனுப்பிடுவாங்க, ஆரோக்கியம். அங்க ஒருத்திய வுட்டுட்டு வந்தவந்தான நானு. இன்னொருத்தியையும் எப்பிடி வுடறது?”

அவரைத் திட்டுவதா, அவர் காலைப் பிடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“புள்ள எங்க இப்ப?”

“தெரியல. நான் கப்பல் ஏறுறப்ப தாயும் புள்ளயும் வந்து நின்னாங்க. ரெண்டு வருசம் லெட்டர் வந்துது. அப்புறம் வர்ல.”

“பேரு இன்னா?”

அவர் பையைக் கீழே வைத்தார்.

“லியென்.”

“லீனாவா?”

“லியென்.”

அவள் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. மண் ஒட்டிய விரலால் போட்டோவின் ஓரத்தைப் பிடித்தபடி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள்.