தட்டையான கோடு

என் தங்கையின் கணவர் சென்ற ஆண்டு காலமானார். அவரும் நானும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். காந்தத்தன்மையே இல்லாத ஓர் ஆக்சைடைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியவைப்பது அவர் வேலை. அளப்பது என் வேலை. அந்தப் படலம் காந்தமாக நடந்துகொண்டது. அவர் கட்டுரை வெளியிட்டதும், எஃகு இடுக்கியிலிருந்து இரும்பு ஒட்டியிருக்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார் இயக்குநர்.

வியாழன் காலை, ஆக்சிஜனில் சூடாக்கிய படலத்தைக் கொடுத்தார். திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. காந்தம் போயிருந்தது.

"மாப்பிள்ளை, கதை முடிஞ்சுது" என்றேன்.

அவர் குதித்தார். "இப்பதான் ஆரம்பம் மச்சான்! இன்னொண்ணையும் அளங்க. உங்க இடுக்கியால நல்லா உரசிட்டு, அதையும் கூடவே சூடாக்கினேன்."

உரசிய படலத்தில் காந்தம் அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா, இரும்பு போகல. என் படலத்துல ஆக்சிஜன் இல்லாத ஓட்டைங்கதான் காந்தம். ஓட்டையை அடைச்சேன், போயிடுச்சு. ஆக்சிஜனை மறுபடி வெளிய எடுத்தா காந்தம் வரணும்."

மாலையில், காந்தம் போயிருந்த அதே படலத்தை வெற்றிடத்தில் சூடாக்கித் தந்தார்; அளந்தேன். கோடு வளைந்து எழுந்தது. இயக்குநரே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவரோ தங்கைக்கு போன் போட்டார். "உங்க அண்ணன் வாயடைச்சு நிக்கிறாரு. போட்டோ அனுப்பட்டுமா?"

அந்தப் படம் தங்கையிடம் இருக்கிறது. நான் வாய் பிளந்து நிற்கிறேன். ஓரத்தில், லென்ஸை மறைத்தபடி, அவருடைய கட்டைவிரல்.