உந்தக் கொம்பியூட்டர்

கறுப்புத் திரையில் பெயர்கள் வரவேண்டிய இடத்திலெல்லாம் கேள்விக்குறிகள் வந்து நின்றன. ஒரு வரியில் ஐந்து, அடுத்ததில் ஒன்பது, அதற்கடுத்ததில் ஏழு. கொப்பி எண் சரியாக இருந்தது, பக்க எண் இருந்தது, பிறந்த திகதி கூட இருந்தது. பிறந்தது யார் என்பது மட்டும் இல்லை. பொகவந்தலாவை பசாரில் இப்றாஹிம் நானாவின் கொமினிகேசன் கடையில், போட்டோக் கொப்பி மெசினுக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் குறிகளை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பெஞ்சில் வீரய்யா அண்ணன் ஈரக் குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். என் பேரு இருக்கா புள்ள என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். தேடுகிறேன் என்றேன். பச்சைப் பொய். தேடுவதற்கு அங்கே என்ன இருந்தது?

ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சலூனுக்குப் பக்கத்துப் படியில் ஏறினால் எங்கள் சங்கத்தின் ஒற்றை அறை. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் பிரசவம் பார்த்துப் பெயர் எழுதி வைத்த பழைய கொப்பிகளைத் தேடிப் பிடித்து, அதிலுள்ளதை எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. இரண்டு வருசம். பதினோராயிரத்துச் சொச்சம் பெயர். கொப்பித் தூசியில் தும்மித் தும்மியே என் மூக்கு சிவந்து போனது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஆளுக்கு அடையாள அட்டை கிடைக்காது. அட்டை இல்லாமல் 2007ஆம் வருசத்தில் கொழும்புப் பக்கம் தலைகாட்டுவது விளையாட்டுக் காரியமில்லை. இன்ன கொப்பி, இன்ன பக்கம் என்று எழுதிக் கொடுத்தால் சான்றிதழுக்கு ஒரு வழி பிறக்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை. அதிகாரிகள் அந்த ஒரு நாள்தான் மலையேறி வருவார்கள். எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக முப்பத்தெட்டுப் பேருக்கு விபரம் கொண்டுவந்து தருவதாக வாய் கிழியச் சொல்லி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமையே அச்சடித்து எடுத்து வந்திருக்கலாம். மழை இருட்டிக்கொண்டு வந்தது, கடைசி பஸ் போய்விடும், நாளைக் காலையில் வந்து எடுத்தால் போச்சு என்று அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். விடிந்து பார்த்தால் ஹட்டன் போகும் வழியில் நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம் பாதை மேல் மண் சரிந்து கிடக்கிறதாம். பஸ் இல்லை. ஹட்டனில் வேறு யாரிடமும் சாவியும் இல்லை. என்னை நானே இரண்டு அறை அறையலாம் போல இருந்தது.

ராகலையில் கணக்குப் படிப்பிக்கும் குகநேசன் சேரைத்தான் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் சர்வருக்கு லினக்ஸ் போட்டுத் தந்தவர் அவர். தூரத்திலிருந்து அதற்குள் நுழைய இந்தக் கறுப்பு ஜன்னலைக் காட்டித் தந்ததும் அவர்தான். இரண்டு கிழமைக்கு முன்னர் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றியதும் அவரேதான்.

"புதுசுக்கு மாத்தினதுல பேரெல்லாம் போயிருச்சுங்களா சேர்?" என்று கேட்டேன்.

போனில் ராகலை மழையும் கேட்டது. அவர், நான் சொல்லியிருந்த வீரய்யா என்ற பெயருக்கு எத்தனை கேள்விக்குறி வரும் என்று எழுதிப் பார்க்கச் சொன்னார். நாலெழுத்துத்தானே என்றேன். கொம்பியூட்டர் சுழியையும் புள்ளியையும் அரவு என்கிற துணைக்காலையும் தனித்தனியாகத்தான் எண்ணுமாம். ஆக ஏழு. ஏழு குறியுள்ள வரிகளை எண்ணத் தொடங்கி, முப்பதில் விட்டுவிட்டேன். அந்தக் கறுப்பு ஜன்னலுக்குத் தமிழ் தெரியாது, நானாவின் பழைய கொம்பியூட்டருக்கும் தெரியாது, அதனால் பெயர்கள் உள்ளே பத்திரமாக இருந்தாலும் வெளியே இப்படித்தான் தெரியும் என்றார். பத்திரமாகத்தான் இருக்கின்றனவா என்று கேட்டேன். பார்த்தால்தான் தெரியும் என்று சொன்னார். நல்ல மனுசன், பொய் சொல்ல மாட்டார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ஹட்டனில் பூட்டிய அறைக்குள் இருக்கிற சர்வரின் திரையை, எழுத்தாக இல்லாமல் ஒரு படமாகவே இங்கே இழுத்து வந்து பார்ப்பதுதான் வழி. வீ.என்.சீ. என்று அதற்குப் பெயர். நானா கடை டெலிபோன் லைனை இன்டர்நெட்டுக்கு விட்டுவிட்டு, கோல் எடுக்க வந்த ஆட்களிடம் லைன் இல்லை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் என் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சேர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். வீ எண்டால் வான், என் எண்டால் நைற் என்று அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். அங்கே ஹட்டனில் படத்தை அனுப்புவதற்கு ஒரு மென்பொருளைத் தொடக்கிவிட்டோம். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தோம். இங்கே அந்தப் படத்தை வாங்கிக் காட்டுவதற்கு இன்னொன்றை நானாவின் கொம்பியூட்டரில் இறக்கினோம். அது ஊர்ந்து ஊர்ந்து இறங்கி முடிய, சேர் சொன்னார்:

"சரி, இப்ப உந்தக் கொம்பியூட்டரை ஒருக்கா ரீஸ்ராட் பண்ணுங்கோ."

எங்கள் பேச்சில் இந்த உண்டு, அந்த உண்டு. உந்த கிடையாது. யாழ்ப்பாணத்து டீச்சர்மார் வாயில் கேட்டிருக்கிறேன், அந்த என்பதைத்தான் அவர்கள் அப்படி இழுக்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன். அந்தக் கொம்பியூட்டர் என்றால் ஹட்டன் கொம்பியூட்டர். கறுப்பு ஜன்னலில் ரீபூட் என்று அடித்துத் தட்டிவிட்டேன். ஜன்னல் அப்படியே உறைந்து நின்றது.

"பண்ணிட்டேங்க சேர். ஹட்டன் மெசின் ஆஃப் ஆகி வருது."

"ஐயோ பிள்ளை," என்றார். "உந்த எண்டு நான் சொன்னது உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறதை."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காரணம் இதுதான். ஹட்டன் மெசினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சில நாள் ஒழுங்காக எழும்பும். சில நாள் பாதியில் நின்று, கீபோர்ட்டில் எஃப் ஒன் தட்டு என்று கேட்கும். யாராவது தட்டும்வரை அப்படியே கிடக்கும். பூட்டிய அறைக்குள் யார் போய்த் தட்டுவது? ரீபூட் பண்ணியது நான், சாவியும் என் பையில். கடையில் எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேன் போல இருந்தது. சேர் என்னைத் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. அவர், தன் பேச்சில்தான் பிழை, ஹட்டன் என்று ஊர்ப் பேரையே சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டார். அதில் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

வீரய்யா அண்ணனுக்கு நாங்கள் பேசியது ஒன்றும் விளங்கியிருக்காது, என் முகம் விளங்கியிருக்கும். "நம்ம பேரெல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கவே மாட்டாங்க புள்ள, விடு," என்றார். என்னைத் தேற்றுகிறாராம். இரண்டரை வருசத்துக்கு முன்னர் மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போன இடத்தில், அட்டை இல்லை என்று பொலிசில் பிடித்து, பதினொரு நாள் உள்ளே வைத்திருந்து பிறகுதான் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஹட்டனைத் தாண்டியதில்லை. மகளுக்குக் கல்யாணம் நடந்தது, போகவில்லை. பேத்தி பிறந்தாள், போகவில்லை. அவர் பெண்சாதி வேலாயி அக்கா மட்டும் போய் வந்து, பிள்ளைக்கு உன் மூக்கு என்று சொன்னாளாம். பிள்ளை இப்போது நடக்கிறது. இந்த மனுசன் என்னைப் பார்த்து விடு என்கிறார்.

சேர் சொன்னபடி, நானாவின் கொம்பியூட்டரை, அதாவது உந்தக் கொம்பியூட்டரை, ஒழுங்காக ரீஸ்டார்ட் பண்ணி லைனையும் திரும்பப் பிடித்தேன். ஹட்டனை ஒரு தரம் தட்டிக் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. நானா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப் போனது. அவர் உள்ளுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. ஐந்து நிமிசம், எட்டு நிமிசம். எட்டு நிமிசத்துக்கு மேல் அந்த மெசின் ஒருநாளும் எடுத்ததில்லை. நாளைக்கு முப்பத்தெட்டுப் பேரிடமும் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். பன்னிரண்டாவது நிமிசம் திரையில் ஒரு வரி விழுந்தது. பிறகு இன்னொரு வரி. ஹட்டன் பதில் சொல்கிறது.

"வந்திருச்சுங்க சேர்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை ஆள் எட்டிப் பார்த்தார். போன உயிர் திரும்பி வந்தது. கனநாளாகச் சோதிக்காததால் தன் வட்டுகளை எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு எழும்பியிருக்கும், அதுதான் தாமதம் என்று சேர் விளக்கம் சொன்னார். ஆறிய பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

அனுப்புகிறதை மறுபடி தொடக்கி, படத்தைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறம். நடுவில் ஒரு எக்ஸ். மவுஸை ஆட்டினால் அந்த எக்ஸ் ஆடியது, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று எரிச்சல் வந்தது. சேர் சிரித்தார். அது திறந்த அறைதானாம், உள்ளே மேசை நாற்காலி போடவில்லையாம். ஒரு கோப்பைத் திறந்து, ஒரு வரியை அழித்து, இன்னொரு வரியை எழுதச் சொன்னார். மூன்று தரம் பிழை விட்டேன். நாலாவது தரம் திரை மேலிருந்து கீழே, ஜன்னல் சீலையை இறக்குகிற மாதிரி, பட்டி பட்டியாக வரையத் தொடங்கியது. முதலில் நீல நிறம். பிறகு நான் வாரத்தில் ஆறு நாள் முகம் பார்க்கிற அதே திரை, மூலையில் நான் வைத்த ரோசாப்பூப் படத்தோடு.

பதிவுகளைத் திறந்தேன். பட்டி பட்டியாக வந்தது. முதல் பெயரின் தலை தெரிந்தது, பிறகு உடம்பு. சின்னராசா. அடுத்தது மாரிமுத்து. அதற்கடுத்தது காத்தாயி. அரவும் புள்ளியும் ஒன்று விடாமல் இருந்தன. நான் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன, வேண்டிய மட்டும் அழுதேன். நானா பெருமூச்சு விட்டுக்கொண்டே போட்டோக் கொப்பி மெசினை இல்லாத தூசிக்குத் துடைத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ, நானும் வாறன்," என்றார் சேர். பள்ளிக்கூடக் கொம்பியூட்டரிலிருந்து அவரும் அதே திரைக்குள் நுழைந்துவிட்டார். மவுஸிலிருந்து என் கையை எடுத்துவிட்டேன். அம்புக்குறி தானாக நகர்ந்தது. தேடும் இடத்துக்குப் போனது, நாலு எழுத்து விழுந்தது, வரிகள் குறைந்தன. ஏழெட்டு வீரய்யாக்கள் மிஞ்சினார்கள். அம்பு ஒவ்வொருவராகக் கடந்து கீழே வந்து, ஒரு வரியின் ஓரத்தில் நின்றது.

"தகப்பன் பேர் பழனியாண்டி எண்டனீங்கள். இந்த வரிதானே?"

இந்த என்கிறார். காலையிலிருந்து உந்த, உந்த என்று என்னைப் படுத்திய மனுசன். நாற்பது மைலுக்கு அப்பால், வேறு மழையில் உட்கார்ந்திருக்கிற அவருக்கும் எனக்கும் இப்போது இது ஒரே இந்த. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த வரிதாங்க சேர்."

கொப்பி பதினாலு, பக்கம் அறுபத்திரண்டு. துண்டில் எழுதினேன். நாளைக்கு அதிகாரி இதை ஏற்றுக்கொள்வாரா, இன்னொரு கடிதம் கேட்பாரா, அது நாளைய பாடு. இன்னும் முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள். வீரய்யா அண்ணனை வாங்க என்று கூப்பிட்டேன். அவர் எழுந்ததில் குடை சரிந்து விழுந்தது, அதை எடுக்கவில்லை. அவருக்குத் தன் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டத் தெரியும். விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு திரைக் கண்ணாடியில் வைத்தார்.

"இதுல அப்பா பேரு எதும்மா?"

காட்டினேன். "எங்கப்பா பேர எழுத்துல பாத்ததே இல்ல," என்றார்.

விரலை எடுக்கவில்லை. சேர் போனில் அடுத்த பெயரைக் கேட்டார், நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியில் பழனியாண்டியின் மேல் அந்த விரல் இருந்தது. ராகலையிலிருந்து வந்த அம்பு, விரல் நகத்துக்குப் பக்கத்தில், அசையாமல் காத்து நின்றது.