வாலில்லாத தகப்பன்

"கூண்டைச் சரியா மூடலன்னு ஒத்துக்கோம்மா. வேற ஆம்பள எலி உள்ள பூந்திருக்கு" என்று கிருபாநிதி சார் சொன்னதும், ஆறுமுகத்தாய் கையிலிருந்த தவிட்டுச் சட்டியை அவர் மேசையிலேயே நங்கென்று வைத்துவிட்டாள். தற்காலிக வேலைக்காரி துறைத்தலைவர் முன்னால் செய்கிற காரியமா அது? ஆனாலும் வைத்துவிட்டாள்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் அது. கல்லூரி விலங்கியல் துறையில் சுண்டெலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுவது அவள் வேலை. எலிகள் ஞானதீபம் டீச்சருடையவை. மதராஸிலிருந்து கட்டைவால் எலி கொண்டுவந்து, அரிசிக் குடோனில் பிடித்த எலியோடு சேர்த்ததில், வாலே இல்லாத ஆண் குட்டி ஒன்று பிறந்தது. அது வளர்ந்ததும் நீளவால் பெட்டைகளோடு விட்டார். குட்டிகளில் பாதியாவது கட்டைவாலோடு பிறக்க வேண்டும் என்பது பாடம். ஈற்றுக்கு ஈற்று வந்ததெல்லாம் நீளவால்! கட்டைவால் எப்போதாவது ஒன்று தட்டுப்பட்டால் உண்டு.

அப்படியானால் தகப்பன் வேறு, கூண்டைத் திறந்துபோட்டவள் ஆறுமுகத்தாய் என்று சார் முடிவுகட்டிவிட்டார். வேலை போகிற பேச்சு அது.

வேலை போவதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. 'வேற ஆம்பள' என்ற சொல்தான் நெஞ்சில் தைத்தது. அவள் புருஷன் மாசானத்துக்கு வலது கையில் ஆறு விரல். அவன் அப்பாவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அப்படித்தான். அவளுக்குப் பிறந்த இரண்டுக்கும் ஐந்தே விரல். இரண்டாவது பிறந்த அன்று மாமியார் செல்லத்தாய் பிள்ளையின் கையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏளா, இது யாரு கை?" என்று கேட்டாள். மாசானம் வாசலில்தான் நின்றான். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வருவான், சாப்பிடுவான், படுப்பான். அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

"நான் மூடாம விட்டிருந்தா வேலைய விட்டு அனுப்பிருங்க, சார். ஆனா வேற எலி வந்துட்டுன்னு சொல்லாதீய. அந்தப் பொட்ட எலி என்ன பாவம் பண்ணிச்சி?" என்றாள். 

பக்கத்தில் நின்ற ஞானதீபம் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், ஆறுமுகத்தாய் மூடினேன்னு சொன்னா மூடியிருக்கா. நான் நம்புதேன்."

நம்புதேன்! பெற்ற தகப்பன்கூட அவளைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை. டீச்சர் காலில் அப்படியே விழுந்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

"நம்பிக்கையெல்லாம் சர்ச்சுல வச்சுக்கிடுங்க, டீச்சர். இங்க சாட்சி வேணும்" என்றார் சார்.

சாட்சி என்றதும் ஆறுமுகத்தாய்க்குப் பிறந்த ஊரான ஆத்தூரின் நெற்களம் நினைவுக்கு வந்தது. தூற்றிய நெல்லைக் களத்தில் குவித்துவிட்டுப் போகும்போது அவள் அப்பா அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி முத்திரைக்கட்டையை அழுத்திப் பொலிக்குறி போடுவார். எவனாவது ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்துவிடும்.

"கூண்டுக்குப் பொலிக்குறி போட்டுருவோம், சார். குறியும் உங்களது, ரூமும் உங்களது. நான் கிட்டக்கவே வரமாட்டேன்."

சாருக்கு அது பிடித்துப்போயிற்று. தனியாக வளர்ந்த இளம்பெட்டை ஒன்றை வாலில்லாதவனோடு விட்டு, மூடியைச் சுற்றிக் களிமண் அப்பி, தம் கல்யாண மோதிரத்தை நாலு பக்கமும் அழுத்தினார். கம்பி வலை வழியாக அவரே தீனி போட்டார், தண்ணீர் வைத்தார். நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையோடு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போவார். ஆறுமுகத்தாய்க்குத்தான் சோறு இறங்கவில்லை.

குட்டி போட்ட அன்று சார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மண் காய்ந்து வெடித்திருந்தது, மோதிர அச்சு ஒன்றும் கலையவில்லை. அவரே உடைத்துத் திறந்தார். பஞ்சுக்குள் ரோஜா நிறத்தில் நெளிந்தவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கட்டைவால். மற்றதெல்லாம் நீளவால்!

"அடேயப்பா!" என்றார் சார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "தப்பு என் மேலதாம்மா. ஒரு பொம்பளையப் பாத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த வேலை உனக்குத்தான்" என்றார். ஆறுமுகத்தாய் அப்போதுதான் அழுதாள்.

"இது எப்படி டீச்சர்?"

"தகப்பன்கிட்ட குடுக்கதுக்கு ரெண்டு ஜீன் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான் போவும். ரெண்டுக்கும் சம வாய்ப்புன்னுதான் படிச்சிருக்கோம். இவனுக்குக் குடோன் எலி வழியா வந்த ஒண்ணு, கட்டைவால் ஜீனை முடக்கிப்போட்டுட்டுத் தான் முந்திக்கிடுது. வெளிநாட்டு எலியில கண்டிருக்காங்க. நம்ம குடோன் எலிக்கும் இருக்கு, பாத்தியா?"

"அப்ப ஆறு விரலு?" அவள் குரல் மெதுவாக வந்தது.

டீச்சர் மாசானத்தின் கையைப் பார்த்திருக்கிறார். "அதுல இந்தக் கள்ளத்தனம் கிடையாது. பூவா தலையா போடுத மாதிரிதான். ரெண்டு பிள்ளைக்கும் விழாமப் போறது சாதாரணம், தாயி."

மறுநாளே மாசானத்தைக் கையோடு அழைத்துவந்து கூண்டைக் காட்டினாள். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இதுகளுக்கு இவனா தகப்பன்?"

"இவனேதான். சார் மோதிரம் சாட்சி. பிள்ளைக விரலப் பத்தியும் டீச்சர்ட்ட கேட்டுட்டேன். பூவா தலையாதானாம்."

அவன் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தான். வீட்டுக்குப் போனதும் மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா முன்னால் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து உட்காரவைத்து, அவர்கள் கைகளைத் தன் ஆறு விரலுக்குள் பொத்திக்கொண்டான்.

"இது யாரு கைன்னு அன்னைக்குக் கேட்டியேம்மா. என் கை. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

மறுநாள் காலையில் ஆறுமுகத்தாய் முந்தானையில் பொரிகடலை முடிந்துகொண்டு போனாள். டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாலில்லாதவன் முன்னால் கடலையைக் கொட்டினாள்.

"தின்னு ராசா. நீ நல்லா இருக்கணும்."