கண்ணை மூடிச் சொன்ன ஆமென்

செம்பொட்டலில் கிழக்குத் தெரு ஒன்றுதான். அந்த ஒரு தெருவுக்குக் கோயில் மூன்று. மேல்கோடியில் மாதா கோயில், நடுவில் வெள்ளைக்காரர் காலத்து சி.எஸ்.ஐ. கோயில், கீழ்க்கோடியில் பெந்தெகொஸ்தே சபையின் கீற்றுக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றிலும் ஒரே நேரத்தில் மைக் செட்டைப் போட்டார்கள் என்றால், தெருவில் நிற்கிற ஆடுகூட எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழிக்கும்.

குருவம்மாளுக்கு அந்த முழிப்பெல்லாம் கிடையாது. பிறந்தது மாதா கோயில் குடும்பம், வாக்கப்பட்டது சி.எஸ்.ஐ. குடும்பம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கொட்டகைக்குப் போய்விடுவாள். அங்கேதான் பொம்பளைகளும் வாய்விட்டுச் சத்தமாக ஜெபிக்கலாம்.

"வாரம் பூராவும் கரி சுடுற மூட்டத்துல கெடக்குற மனுசன்கிட்ட என்னத்தப் பேச? அங்கயாச்சும் ஒரு மணி நேரம் பேசிட்டு வாரேன்" என்பாள் புருசன் அருஞ்சுனையிடம்.

"ஆண்டவரு பாவம்" என்பான் அருஞ்சுனை.

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். ஆபீசு என்றால் மேசையும் நாற்காலியும் போட்ட ஆபீசு இல்லை. எங்கள் பக்கத்தில் தீக்குச்சி அடுக்குகிற இடத்துக்கு அதுதான் பேர். விடியுமுன்னே வேன் வரும், பொழுது அடைந்துதான் திரும்பும். பெற்ற பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றால் குருவம்மாள் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டும். இளையவள் தங்கச்செல்வி அஞ்சாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சோடு சரி. ஆறாம் வகுப்பு படிக்க ஓடையைத் தாண்டி ஆறு மைல் நடக்க வேண்டும். அஞ்சு முடித்த பொம்பளைப் பிள்ளைகள் எல்லாம் நேராக வேனில்தான் ஏறினார்கள். அருஞ்சுனையும் வேன் ஏஜெண்டிடம், "பரீட்சை முடியட்டும், அனுப்பி வைக்கேன்" என்று சொல்லிவிட்டான்.

"நீரு சொன்னா நீரு ஏறிப் போரும்" என்றாள் குருவம்மாள். அவன் பேச்சைத் திரும்ப வாங்கவில்லை.

இது நடந்தது தொண்ணூற்று மூன்றில். குழந்தைகளை வேலைக்கு அனுப்பக் கூடாது, அந்தந்த ஊர்ச் சபைகள் ஒன்றாகச் சேர்ந்து சர்க்காரிடம் நியாயம் கேட்க வேண்டும் என்று மூன்று சபைக்கும் மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. செம்பொட்டலில் மூன்று ஊழியக்காரர்களும் சேர்ந்து உட்கார வேண்டியதாயிற்று. மாதா கோயிலுக்குப் பாதர் சவரிநாதன், சி.எஸ்.ஐ.க்குப் போதகர் ஆசீர்வாதம், கொட்டகைக்குப் பாஸ்டர் கருத்தப்பாண்டி. கருத்தப்பாண்டி முன்னே லாரி ஓட்டினவர், அருஞ்சுனைக்குச் சித்தப்பா மகன். குருவம்மாளுக்குக் கொழுந்தன் முறை.

எங்கே உட்காருவது என்பதிலேயே ஒரு மாசம் போனது. ஒருவர் கோயிலில் மற்றவர் கால் வைத்தால் சபையார் என்ன நினைப்பார்களோ! கடைசியில் குருவம்மாள் வீட்டு வேப்பமரத்தடியில் மூன்று முக்காலி போட்டாள். மூன்று முக்காலியும் ஒரே உயரம்தானா என்று போதகர் ஐயா ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

மனு எழுதுவதில் சண்டை இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்பு வரைக்கும் உயர்த்தித் தர வேண்டும். அவ்வளவுதான். யார் பெயர் முதலில் வருவது என்பதில்தான் சண்டை. வயசுப்படி என்றார் போதகர். சபை வந்த வருசப்படி என்றார் பாதர். பரிசுத்த ஆவி ஏவுகிறபடி என்றார் பாஸ்டர். "மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒரே வரியில போடுங்க சாமி" என்று குருவம்மாள் காப்பித் தம்ளரை வைத்துவிட்டுப் போனாள். ஒரே வரி என்று தீர்மானமாயிற்று.

அடுத்ததுதான் பெரிய முடிச்சு. வகுப்பு நடத்த அறை வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் இருப்பது இரண்டே அறை. அறை இல்லாமல் மனுவைக் கொடுத்தால் யூனியன் ஆபீசிலேயே தள்ளிவிடுவார்கள்.

"சி.எஸ்.ஐ. ஹால் பூட்டித்தானே கெடக்கு?" என்றார் பாதர்.

"பேராயர்கிட்ட கேக்கணும்" என்றார் போதகர். "மாதா கோயில் மண்டபம் இன்னும் விசாலம்."

"ஆயர் ஒத்துக்கணுமே. பாஸ்டர் கொட்டகை காத்தோட்டமா இருக்கும்" என்றார் பாதர்.

"அங்க உபவாச ஜெபம் நடக்குது. பிசாசு ஓட்டுற எடத்துல கணக்குப் பாடம் நடத்த முடியுமா?" என்றார் கருத்தப்பாண்டி.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் குருவம்மாள் அடுப்படியிலிருந்து. யாரும் காதில் வாங்கவில்லை. அறையைப் பற்றி மனுவில் ஒன்றும் எழுதாமலே அருப்புக்கோட்டையில் டைப் அடித்து வாங்கினார்கள்.

ஏப்ரல் மாசம், மனு வாங்குகிற ஒரு திங்கட்கிழமை, மூன்று சபையிலிருந்தும் நாற்பது பேர் புறப்பட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நாள், பெரியவர்கள் மட்டும். திருச்சுழியில் ஒரு பஸ், அருப்புக்கோட்டையில் மாறி இன்னொரு பஸ். முதல் பஸ்ஸில் மாதா கோயில்காரர்கள் முன்பக்கம், சி.எஸ்.ஐ. நடுவில், கொட்டகைக்காரர்கள் பின்னால். மாறி ஏறின பஸ்ஸில் கூட்டமோ கூட்டம். பாலவனத்தம் வருவதற்குள் யார் எந்தச் சபை என்று கண்டக்டருக்கு மட்டுமில்லை, அவர்களுக்கே தெரியாமல் போயிற்று.

விருதுநகர் கலெக்டர் ஆபீசில் காலையிலிருந்து நின்றார்கள். ஒரு மணிக்கு டவாலி வந்து சொன்னார்: "கலெக்டர் அய்யா அவசரமா வெளிய கிளம்புறாக. வாசல்ல நில்லுங்க. கார் ஏறும்போது குடுத்துருங்க. ரெண்டு நிமிசம், அதுக்கு மேல நிக்க மாட்டாக."

இரண்டு நிமிசம்! அந்த இரண்டு நிமிசத்துக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்? ஜெபம் பண்ண வேண்டாமா?

பாதர் சுருக்கமாக முடித்தார். கர்த்தர் ஜெபத்தைச் சேர்ந்து சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் 'தந்தையே' என்றது, மறுபக்கம் 'பிதாவே' என்றது, மாட்டு வண்டியில் ஒட்டகத்தையும் சேர்த்துப் பூட்டின மாதிரி இழுபட்டுப் போனது. மாதா கோயில்காரர்கள் முடித்து ஆமென் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி. அப்புறம் கருத்தப்பாண்டி கையைத் தூக்கினார். ஆதாமில் ஆரம்பித்தார்.

பாதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மாதா கோயில்காரனுக்கு ஜெபத்தில் பொறுமை இல்லை என்று பேச்சு வந்துவிடக் கூடாதே! போதகரும் மூடிக்கொண்டார், பாதரைவிட இறுக்கமாக. மனு அவர் கையில். நாற்பது பேரும் கண்ணை மூடி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முனகினார்கள்.

குருவம்மாள் ஒருத்திதான் முழித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணுக்கு எதிரே, உள்ளேயிருந்து கலெக்டர் வந்துகொண்டிருந்தார். சின்ன வயசு. பின்னால் ஃபைலோடு ஒரு கிளார்க்கு.

நல்ல மனுசர். ஜெபம் நடக்கிறதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கையைக் கட்டிக்கொண்டார். டிரைவர் கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தான். கருத்தப்பாண்டி அப்போதுதான் நோவா பேழையை அடைத்துக்கொண்டிருந்தார்.

குருவம்மாள் ஒரு அடி முன்னே வைத்தாள். கொழுந்தனாரைத் தொட்டு எழுப்பலாமா? தொட்டால் ஆவி இறங்கியது என்று இன்னும் சத்தம் கூடும். போதகர் கையிலிருக்கிற மனுவை உருவலாமா? கலெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கால் காரை நோக்கித் திரும்பியது. அந்தக் கால் திரும்பினதும் தங்கச்செல்வி வேனுக்குள் ஏறி உட்காருகிறதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

வாயைத் திறந்தாள். வெள்ளிக்கிழமைக் குரலில்.

"ஆண்டவரே! நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு உமக்குத் தெரியும். இங்க எதுக்க நிக்கிற கலெக்டர் அய்யாவுக்குத் தெரியாது. அதனால அவுகளுக்குக் கேக்குறாப்புல சொல்லுறேன்!"

கருத்தப்பாண்டி பழக்கப்பட்டவர். பக்கத்தில் ஒரு பொம்பளைக்கு ஜெப ஆவி வந்துவிட்டால் தன் சத்தத்தைத் தணித்து, "ஆமா ஆண்டவரே" என்று பின்பாட்டுக்குப் போய்விடுவார். போய்விட்டார். கலெக்டரின் கால் திரும்பி வந்தது.

"செம்பொட்டல் பள்ளிக்கூடம் அஞ்சாப்போட நிக்கிது ஆண்டவரே! அதுக்கு மேல எங்க பிள்ளைகளுக்குத் தீப்பெட்டி ஆபீசு வேன்தான் ஆறாப்பு!"

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

கலெக்டர் குனிந்து, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி மெல்லக் கேட்டார். "ஆறாவதுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா வருவாங்க?"

ஜெபத்தை நடுவில் நிறுத்தி மனுசனுக்குப் பதில் சொல்வது எப்படி? குருவம்மாள் வானத்தைப் பார்த்தே சொன்னாள். "இருபத்தி ரெண்டு பிள்ளைகன்னு நீர் அறிவீர் ஆண்டவரே! பதினாலு பொம்பளைப் பிள்ளைக!"

"பக்கத்துல வேற நடுநிலைப் பள்ளி?"

"ஆறு மைலு ஆண்டவரே! நடுவுல ஓடையை நீர்தான் வெட்டினீர்!"

கிளார்க்கு சிரிப்பை அடக்க முடியாமல் ஃபைலை முகத்துக்குத் தூக்கினார். கலெக்டர் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரிம்மா. வகுப்பு நடத்தக் கட்டடம் வேணுமே. இருக்கா?"

இதுதான் அந்த முடிச்சு. இல்லை என்றால் கார்க் கதவு சாத்திக்கொள்ளும். இருக்கு என்று சொல்ல அவள் யார்? திரும்பிப் பார்த்தாள். மூன்று ஊழியக்காரர்களும் ஒருவரை ஒருவர் ஜெயிக்கிற வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டு, பளபளவென்று வேர்த்து நின்றார்கள்.

"இருக்கு ஆண்டவரே!" என்று கத்தினாள். "சி.எஸ்.ஐ. ஹாலு ஆறாப்புக்கு! மாதா கோயில் மண்டபம் ஏழாப்புக்கு! சபைக் கொட்டகை எட்டாப்புக்கு! மூணு சபையும் உம்ம சமுகத்துல மனசாரத் தாரோம் ஆண்டவரே! கேளும் நல்ல பிதாவே!"

சொல்லி நிறுத்தினாள்.

ஜெபத்தில் ஒருவர் இப்படி முடித்து நிறுத்தினால் மற்றவர்களுக்கு என்ன வரும்? தும்மல் மாதிரி தானாக வரும் அது. நாற்பது பேரும் ஒரே குரலில் "ஆமென்!" என்றார்கள். பாதர் சொன்னார். போதகர் சொன்னார். கருத்தப்பாண்டி மூன்று தரம் சொன்னார்.

"எழுதிக்கங்க" என்றார் கலெக்டர் கிளார்க்கிடம். "மூணு சபையும் இடம் தர சம்மதம். ஆறாம் வகுப்புக்கு இந்த வருஷமே சிபாரிசு." சொல்லிக்கொண்டே போதகர் கையிலிருந்த மனுவை எடுத்தார். போதகர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ மனுவைப் பிடுங்குகிறார்கள் என்று இழுத்துப் பிடித்தார். கலெக்டரும் இழுத்தார். "ஏலே, விடுலே!" என்று கண்ணைத் திறந்த போதகர் ஐயாவின் முகத்தை அன்று பார்த்தவர்கள் கிறிஸ்மஸ் நாடகத்தில்கூட அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை என்றார்கள்.

கார் போனது.

"குருவம்மா" என்றார் பாதர். "என்ன காரியம் பண்ணிட்ட? ஜெபத்துல பொய் சொல்லலாமா?"

"நான் சொல்லும்போது பொய்யாத்தான் இருந்துச்சு சாமி" என்றாள் அவள். "நீங்க ஆமென் சொன்ன பெறகு எப்படிப் பொய்யாகும்?"

"நான் கேக்காமச் சொல்லிட்டேன்" என்றார் போதகர்.

"அப்ப ஞாயித்துக்கிழமை சபையில எந்திரிச்சு, நான் ஜெபத்தைக் கேக்காமயே ஆமென் சொல்லுவேன்னு நீங்களே சொல்லிருங்க ஐயா."

போதகர் பாதரைப் பார்த்தார். பாதர் கருத்தப்பாண்டியைப் பார்த்தார். கருத்தப்பாண்டி, "மதினி, நான் எட்டாப்பு தானே? அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்புகிற பஸ்ஸில் பேச்சு வேறாக இருந்தது. முதலில் தொடங்குகிற வகுப்பு யார் ஹாலில் என்பதில் பாதருக்கு மனத்தாங்கல். ஆறாம் வகுப்பை ஏன் மாதா கோயிலுக்குச் சொல்லவில்லை என்று அவர் குறைப்பட, போதகர் ஐயா, "கர்த்தர் சமுகத்துல சொன்னதை மாத்த முடியாது பாதர்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பேராயருக்கு அன்று ராத்திரியே கடிதம் எழுதினார். ஜெபத்தில் ஒப்புக்கொடுத்தாயிற்று என்று இருந்ததால் பேராயரும் மறுக்கவில்லை.

ஆனாலும் சர்க்கார் உத்தரவு வரவேண்டுமே! மே போனது. ஜூனில் வேன் ஏஜெண்டு வாசலில் வந்து நின்றார். "பரீட்சை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே அருஞ்சுனை?"

குருவம்மாள் கையில் விளக்குமாற்றோடு எட்டிப் பார்த்தாள். அருஞ்சுனை அவளைப் பார்த்தான், விளக்குமாற்றைப் பார்த்தான், கரி படிந்த தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"அவ படிக்கட்டும்ணே" என்றான். "மூணு சாமியாரு ஆமென் சொல்லியிருக்காக. நான் ஒருத்தன் குறுக்க நிக்க முடியாது."

ஜூலை முதல் வாரம் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை ஆறாம் வகுப்பு ஆரம்பம்.

அன்றைக்கும் விடிகிற நேரத்துக்கு வேன் வந்தது. தெருக்கோடியில் நின்று ஆரன் அடித்தது. மூத்தவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓட, சத்தத்தில் தங்கச்செல்வி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் பாயைச் சுருட்டப் போனாள்.

"ஒனக்கு இல்லடி, எனக்கு" என்றாள் மூத்தவள் வாசலில் நின்று. "ஒனக்கு ஒம்பதரைக்குத்தான். படு."

தங்கச்செல்வி அப்படியே சாய்ந்தாள். குருவம்மாள் மூத்தவளை வேன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்து, பிள்ளை தூங்குகிறதைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது நன்றாக விடிந்து, வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழுகிற வரைக்கும் எழுப்பவேயில்லை.