லண்டனில் இடிக்கப்பட்ட வீடுகள்

1.

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவிலிருந்து பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருமாம். எனக்கு அது கண்டியில் ஒரு மருந்துக்கடை மாடியில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பிலிருந்துதான் வருகிறது. கூச்சமில்லாமல் சொல்கிறேன்: நல்ல வகுப்பு. கதையும் மோசமில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஹந்தானை மலையில் அன்று மழை ஓயாமல்..." [வேண்டாம். மலையகக் கதை என்றால் மழையில்தான் தொடங்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?]

பிறகு இப்படி: "லண்டனில் ஒரு பேக்கரிக்காரரின் போறணை அடுப்பில் அணையாமல் கிடந்த நெருப்பு..." [இது பரவாயில்லை. எடுத்து வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.]

2.

நகரத்தில் ஒரு தனியார் தாதியர் பயிற்சி நிலையம் இருக்கிறது. சேர்வதற்கு ஆங்கிலத்தில் வாய்மொழித் தேர்வு. இம்முறை தலைப்பு: பேரழிவுகளும் பெருந்தீகளும். வரலாற்றிலிருந்து பேசலாம், சொந்த அனுபவத்தையும் பேசலாம். ஒரே கிழமையில் பொம்பேயியை எரிமலைச் சாம்பலில் புதைத்து, லிஸ்பனை நிலநடுக்கத்தில் சாய்த்து, லண்டனைக் கொளுத்தி, ஐரோப்பாவில் பாதியை நான் கரும்பலகையிலேயே முடித்துவிட்டேன்.

என் மாணவி யோசப்பின் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவள். போன பெருமழையில் அவளுடைய லயத்தில், தொழிலாளர்களின் அந்த நீள வரிசை வீட்டில், மேற்பக்க அறைகள், காம்பராக்கள் என்போம், மண்ணோடு போயின. அவளுடைய காம்பரா நிற்கிறது. ஆனால் மலையில் வெடிப்பு கண்டிருப்பதால் இனி அங்கே எவரும் இருக்கக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். அவளும் அம்மாவும் இப்போது மாமா குடும்பத்தோடு ஒற்றைக் காம்பராவில் நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிறார்கள். தேர்வில் தேறினால் பயிற்சி நிலைய விடுதியில் அறை கிடைக்கும். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, கதவுக்கு ஒரு சாவி. அந்தச் சாவிக்காகத்தான் இந்தக் கதை.

இதையெல்லாம் அவள் வகுப்பில் ஆங்கிலத்தில் சொன்னாள். பிழைகள் இருந்தன, ஒன்றையும் நான் திருத்தவில்லை. கிழமையின் சிறந்த பதிலைப் பேசியவரின் குரலிலேயே பதிந்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது எங்கள் வகுப்பின் வழக்கம். அவளும் சரி என்றாள், போட்டோம்.

3.

[வகுப்பின் இன்னொரு மாணவன் தாஸிமைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவனை வில்லனாக எழுதினேன். அவன் ஒத்துழைக்கவில்லை. வத்தேகமயில் வாப்பாவுக்குத் துணிக்கடை, மாடி வீடு, அவனோ எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற பையன். வில்லனைத் தூக்கிவிட்டேன்.]

தேர்வுக்கு முதல் நாள் ஒத்திகை. தாஸிம் எழுந்து, தங்கள் காம்பரா இன்னும் நிற்கிறது என்றும், ஆனால் அங்கே திரும்பிப் போக முடியாது என்றும் அழகான ஆங்கிலத்தில் சொன்னான். யோசப்பின் மூச்சு வாங்கிய இடத்தில் அவனும் மூச்சு வாங்கினான். அடுத்து கம்பளையிலிருந்து வரும் பிரேமிளா எழுந்தாள். அவளுடைய காம்பராவும் நின்றுகொண்டிருந்தது.

"தாஸிம், உங்க வீடு வத்தேகம டவுன்ல மாடி வீடுதானே?" என்றேன்.

"ஓ சேர்." தலையைக் குனிந்தான். "ஆகலும் நல்ல பதில் இதுதான் எண்டு நீங்கதானே சென்னீங்க. அதான் பாடமாக்கின."

சொன்னது உண்மை. எங்கள் ஊர்களில் நல்ல விடை என்பது பாடமாக்குவதற்காகவே பிறக்கிறது. 'எங்கள் பசு' என்று கட்டுரை எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் பசு இருந்தது?*

(* எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ஆனாலும் அது வாலை ஆட்டி ஈ விரட்டியது. பத்துக்கு எட்டுப் புள்ளி.)

"கோவிக்காதீங்க யோசப்பின்," என்றான் தாஸிம். "வேற ஒண்டும் எனக்குப் பாடமில்ல. நாளைக்குள்ள மாத்தவும் ஏலா."

அப்போதுதான் எனக்குத் தேர்வில் கூப்பிடும் வரிசை நினைவுக்கு வந்தது. விண்ணப்பித்த வரிசையில்தான் உள்ளே கூப்பிடுவார்கள். விலாசம் என்று எழுத ஒரு வீடு இல்லாமல் அலைந்ததால் யோசப்பின்தான் எல்லாருக்கும் பிந்தி விண்ணப்பித்தாள். அவள் போய் உட்காரும்போது அவளுடைய காம்பராவை ஏற்கனவே இரண்டு பேர் சொல்லி முடித்திருப்பார்கள். பாடமாக்கி வந்த மூன்றாவது ஆள் என்று அவளைத்தான் நினைப்பார்கள்.

4.

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

நான் மற்ற இருவரையும் தடுத்துவிடுகிறேன். [அவர்கள் வாயடைத்துப்போய்த் தோற்பார்கள். அவர்களும் என் பிள்ளைகள்தான்.]

யோசப்பின் தேர்வாளர் முன்னால் உடைந்துபோய், கண்களில் நீர் தளும்ப [போதும். அவளுடைய கண்ணீரைச் செலவழித்து என் கதையை முடிக்க எனக்கு என்ன உரிமை?]

மூன்றாவது, நான் எழுதாதது. அவளே கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

"சேர், லண்டன்ல நெருப்பு பரவாம இருக்க எரியாத வீட்டையும் இடிச்சாங்கன்னு சொன்னீங்களே?"

"ஆமா. நடுவுல வெளி விட்டா நெருப்பு தாண்டாது."

"அந்த வீட்டு ஆளுங்க எங்க போனாங்க?"

எங்கள் பாடப்புத்தகத்தில் அது இல்லை.

"நல்லாருந்த வீடு சேர். நெருப்பு வாசலுக்குக்கூட வரல. சாமான எடுத்துட்டு வெளிய போங்கன்னுட்டாங்க." கரும்பலகையில் நான் வரைந்திருந்த லண்டன் தெருவை விரலால் தொட்டாள். பிறகு தாஸிமைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க என் காம்பராவையே சொல்லுங்க. வடிவா சொல்றீங்க. நான் லண்டன சொல்றேன்."

"ஒரு ராத்திரியில பாடமாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சேர் பாடமாக்கணும்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

5.

தேர்வு அறைக்குள் என்னை விடமாட்டார்கள். வாசகரே, உங்களை விடுவார்கள். தேர்வாளரின் கதிரையில் போய் உட்காருங்கள்.

தேநீர் ஆறிவிட்டது. காலையிலிருந்து ஒரே மலை இரண்டு தடவை சரிந்துவிட்டதில் உங்களுக்கு எரிச்சல். கதவைத் திறந்துகொண்டு கடைசிப் பெண் வருகிறாள். எங்கிருந்து என்று கேட்கிறீர்கள். ஹந்தானை என்கிறாள். சரிதான், மூன்றாவது மண்சரிவு என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

அவள் தொடங்குகிறாள்: "போறணையில் பிடித்த நெருப்பு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. ஆனாலும் அவர்கள் வீட்டை இழுத்துச் சாய்க்கக் கொக்கிகளோடு வந்தார்கள். அம்மா முதலில் அடுப்பங்கரைச் சாமான்களை எடுத்தாள்..."

லண்டனை எங்கள் வீடு என்கிறாள். தலைப்பை விளங்காமல் பேசுகிறாளா என்று ஒரு கணம் பேனாவைத் தூக்குகிறீர்கள். அவள் நிறுத்தவில்லை. பூட்டிய கதவின் சாவியை இடிந்த வீட்டுக்கு முன்னால் நின்று என்ன செய்வது என்று தெரியாமல், அம்மா அதைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டதையும் சொல்கிறாள். வரலாற்றில் அப்படி ஒரு தாய் இருந்ததாக எவரும் எழுதிவைக்கவில்லை.

அதற்குமேல் எனக்குத் தெரியாது. அவள் பேசி முடித்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். புள்ளியைப் போடுங்கள். விடுதிச் சாவி உங்கள் மேசையில்தான் இருக்கிறது.