நாற்காலிச் சத்தத்தை மட்டும் எடுத்துவிடவும்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. மேல்மாடியில் யாரோ பகல் முழுக்கக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பது தொந்தரவில்லை. ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ததுதான் தொந்தரவு. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போதெல்லாம் அந்தக் கை கொஞ்சம் முந்திக்கொண்டது. கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எனக்கு வாக்கியங்களும் முந்திக்கொண்டு முடியத் தொடங்கின. பொறுக்க முடியாமல் மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தது ஒரு பெண். உள்ளே ஒரு கணினி, ஒரு கீபோர்டு, சுவர் முழுக்க எதிரொலியைத் தடுக்கும் மேடுபள்ளமான பஞ்சு. கிதார் இல்லை.

"யாருங்க அந்த ஒரே தப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது?"

"யாரும் இல்லைங்க. அந்தத் தப்பை நான்தான் போட்டேன். உட்காருங்க, காட்டறேன்."

நடந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் செய்தது. அவரை 'அவள்' என்று எழுதப்போகிறேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லாரும் மரியாதையை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதுதான்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"அவளுடைய விரல்கள் வெள்ளைக் கட்டைகளின் மேல் வண்ணத்துப்பூச்சிகளாய்ப்—" கூடாது. அவள் நாளில் பாதி நேரம் மவுஸைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"இசை என்றால் என்ன என்ற கேள்வி ஆதிகாலம் தொட்டே மனிதனை—" இங்கே நீங்கள் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். நானே திருப்பிவிட்டேன்.

"அலமாரி இழுப்பறை கம்பியின் இடது கையைக் கடித்தது."

இது பரவாயில்லை. கம்பி என்பது அவள் கணவனின் பட்டப்பெயர். கிதார், பேஸ் கிதார் இரண்டும் வாசிப்பான். என் முதல் வரைவில் அவன் சாலையில் ஒரு குழந்தையை லாரியிலிருந்து காப்பாற்றிக் கையை உடைத்துக்கொண்டான். அடுத்த நாள் படித்தபோது அவன் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. இழுப்பறைதான் சரி. அது சரியாக மூடாது என்று அவள் பல மாதமாகச் சொல்லிவந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஓங்கித் தள்ளி அதை மூடினான். விரல்களை வெளியே எடுக்க மறந்துவிட்டான். நடுவிரலும் மோதிர விரலும் முறிந்தன.

(அவளுக்கு முகவாயில் ஒரு தழும்பு வைத்திருந்தேன், நிஜமாகத் தெரியட்டும் என்று. கதையில் அதற்கு ஒரு வேலையும் இல்லாததால் எடுத்துவிட்டேன்.)

3

கைக்குக் கட்டுப் போட்டாயிற்று. பிரச்சினை அடுத்த வாரம் முடித்துக் கொடுக்க வேண்டிய பாட்டு.

பாட்டுக்குச் சொந்தக்காரர் உயிர் சார். இசையமைப்பாளர். எதைக் கேட்டாலும் "நல்லாருக்கு, ஆனா உயிர் இல்ல" என்பார். பாட்டுக்கும் சொல்வார், காப்பிக்கும் சொல்வார். ஒரு தடவை மின்விசிறிக்கும் சொன்னார். அவருடைய குழுவில் ஒரு வயலின்காரர் இருந்தார். அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவர் நாற்காலியில் ஒரு மென்பொருள் உட்கார்ந்தது. காய்ச்சல் போயிற்று. மென்பொருள் போகவில்லை.

"கை உடைஞ்சதைச் சொல்ல வேண்டாம்" என்றான் கம்பி.

"சொல்லாம? பாட்டுக்கு யாரு வாசிப்பா?"

"நீதான் கம்ப்யூட்டர்ல வாத்தியம் போடற புரோகிராமர் ஆச்சே. என்னைப் போடு."

"உங்களை எப்படிங்க போடறது?"

"எத்தனை பேரை வேலையை விட்டு அனுப்பியிருக்கே அந்தப் பொட்டியை வச்சுக்கிட்டு. ஒரு தடவை ஒருத்தனை வேலைல நிறுத்தி வையேன்."

அவள் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சொன்னது உண்மை என்பதால் அல்ல. கணினி திறந்துகொண்டிருந்தது, அவள் கவனம் அதில் இருந்தது. [உண்மை என்பதாலும்தான்.]

4

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்றை விளக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அவசரமாக இருப்பவர்கள் ஐந்துக்குத் தாவலாம், ஆனால் வருத்தப்படுவீர்கள்.

கணினிக் கிதார் என்பது பொய்க் கிதார் அல்ல. எங்கோ ஒரு அறையில் ஒரு நிஜக் கிதார்க்காரரை உட்காரவைத்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பலமுறை மீட்டச் சொல்லிப் பதிவுசெய்து அடுக்கியிருக்கிறார்கள். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்த அடுக்கிலிருந்து ஒரு சத்தம் எழுந்து வரும். ஒவ்வொன்றும் நிஜம். சேர்த்துக் கேட்டால் பச்சைப் பொய்.

ஏன்? முதலாவது, மனிதன் ஆறு கம்பிகளை ஒரே நொடியில் மீட்டுவதில்லை. கை மேலிருந்து கீழே போகிறது, கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. கீழிருந்து மேலே வரும்போது கை பாதியில் சோர்ந்துவிடும். மூன்று கம்பியைத் தொட்டால் அதிகம். ஆகவே அவள் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு மயிரிழை தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். இரண்டாவது, ஒரே சத்தம் இரண்டு தடவை அப்படியே வந்தால் காது கண்டுபிடித்துவிடும். அதனால் அடுத்தடுத்த மீட்டலுக்கு வேறு வேறு பதிவை எடுக்க வேண்டும். மூன்றாவது, விரல் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகரும்போது கம்பியில் உரசிக் 'கீச்' என்கிறதே, அதையும் போட வேண்டும். நிஜக் கிதார்க்காரர்கள் வாழ்நாள் முழுக்க ஒழிக்கப் பார்ப்பது அந்தக் கீச்சைத்தான். அவள் அதைத் தேடித் தேடி நடுகிறாள்.

பேஸ் கிதாரின் சூட்சுமம் வேறு. சுரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் பெரிது. கம்பியை அமுக்கி நிறுத்தும் அந்தக் கணத்தில்தான் ஆள் தெரிகிறான். ஆரம்பமும், டிரம்ஸில் காலால் மிதிக்கும் முரசுக்கு ஒரு துளி பின்னால் இருந்தால் சாய்வு நாற்காலியில் சாய்ந்த சுகம் வரும். முன்னால் போனால் யாரோ முதுகில் தட்டுவது போலிருக்கும்.

சுருக்கமாக, தப்பை ஒழுங்காக அடுக்குவதுதான் இந்தத் தொழில். [என் தொழிலும் அதுதான். உங்களை நம்பவைக்கத்தான் இழுப்பறையைத் தேர்ந்தெடுத்தேன்.]

5

அவள் கம்பியின் பழைய பதிவுகளை எடுத்து, அவன் எங்கே முந்துகிறான், எங்கே பிந்துகிறான் என்று ஒலியலைப் படத்தில் அளந்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் தெரியாத விஷயங்கள் அந்தப் படத்தில் இருந்தன. முதல் நாள் முடிவில் அவனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள்.

"நிறுத்து. இந்த இடத்துல அஞ்சாவது கம்பியில ரெண்டு சுரம் சேர்ந்து வருது. ஒரு கம்பி ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் பாடும்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கீபோர்டுக்காரர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. பத்து விரலுக்குப் பத்துச் சுரம் என்றே பழகியவர்கள்.

"இதை வாசிக்க எனக்கு இன்னொரு கை வேணும். இருக்கறதே கட்டுல இருக்கு."

"மாத்திடறேன். மத்ததெல்லாம்?"

"பல்லவிக்குத் திரும்பற இடத்துல ஏன் ஓடுது? யாரோ பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி."

"நீங்க அப்படித்தாங்க வாசிப்பீங்க."

"நானா? நான் எங்க ஓடறேன்?"

அவள் பழைய பதிவைப் போட்டாள். அவன் கேட்டான். இன்னொன்றைப் போட்டாள். அதையும் கேட்டான். மூன்றாவதை அவள் போடவில்லை. அவன் முகம் வாடியிருந்தது.

அவன் தூங்கப் போன பிறகு அந்த ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தாள். அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் கதவு படாரென்று திறந்தது. மாமியார், கையில் கரண்டியோடு.

"டேய், கையை அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே—" என்றவள், மகன் ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நான் இல்லம்மா. இவ."

மாமியார் கணினியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "ஏம்மா, இவன் குறட்டையையும் இப்படிப் பண்ணிடுவியா?"

"பண்ணலாம் அத்தை. ஆனா நிறுத்தற பட்டன் இருக்கும்."

கடைசியாக ஒன்று குறைந்தது. கம்பி வாசிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை சாய்ந்து நிமிர்வான், அவன் நாற்காலி கிறீச்சிடும். அது எந்த மென்பொருளிலும் இல்லை. மைக்கை வைத்தாள், அவனை உட்காரச் சொன்னாள். அவன் கட்டுப் போட்ட கையோடு சாய்ந்து நிமிர்ந்தான். கிறீச். முழுப் பாட்டிலும் அவன் நிஜமாகச் செய்தது அது ஒன்றுதான்.

6

உயிர் சார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஏம்மா, கம்பி வாசிச்சது கேட்டேன். இத்தனை வருஷத்துல இப்பதான் அவன் கைல உயிர் வந்திருக்கு. பல்லவிக்கு வரான் பாரு, ஓடாம, நிக்காம. கண்ணுல தண்ணி வந்துருச்சு."

கம்பி மனைவியைப் பார்த்தான். அவள் கீபோர்டைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. ஆரம்பத்துல ஒரு நாற்காலிச் சத்தம் வருதே, அது கம்ப்யூட்டர்ல போட்டதுதானே? அப்பட்டமாத் தெரியுது. அதை மட்டும் எடுத்துடு, உயிரே இல்ல."

"சரி சார்."

"அடுத்த மாசக் கடைசில டைரக்டர் ஸ்டுடியோவுக்கு வரார். அவர் எதிர்ல கம்பி இதையே வாசிக்கணும். இதே கை. வேற மாதிரி இருந்தா நான் அப்புறம் வேற ஏற்பாடுதான் பண்ணணும்."

போன் நின்றது. வேற ஏற்பாடு என்றால் என்னவென்று வயலின்காரரைக் கேட்டால் சொல்வார்.

7

கட்டுப் பிரித்தார்கள். விரல்கள் விறைத்திருந்தன. கம்பி நாள்தோறும் கணினியைப் போட்டுவிட்டு அதைப் போல வாசிக்கப் பழகினான், அதாவது தன்னைப் போல. விரல் மெல்ல இளகியது. பல்லவி மட்டும் வசப்படவில்லை.

"இங்க பாதிதான் ஓடணும்னு வச்சிருக்கே."

"தெரிஞ்சுடுச்சா?"

"முன்னாடி எனக்குத் தெரியாம ஓடிட்டிருந்தேன். இப்ப எவ்வளவு ஓடணும்னு யோசிக்கிறேன், கால் இடறுது. ஏன் குறைச்சே?"

"அன்னிக்கு உங்க மூஞ்சி சரியில்ல."

அவன் கொஞ்ச நேரம் கம்பிகளைத் துணியால் துடைத்தான்.

(இந்த இடத்தில் ஒரு கட்டிப்பிடிப்பு எழுதியிருந்தேன். அறையில் அவ்வளவு ஒயர்கள் கிடக்க அது நடக்காது.)

"நான் போட்ட அந்தப் பிரதி ஸ்டுடியோவுல என்கிட்டதான் இருக்கும்" என்றாள் அவள். "சத்தத்தை மூடி வச்சிருப்பேன், நீங்க வாசிக்கறதோட சேர்ந்தே கீழ ஓடும். ஒரு விசை அழுத்தினா உங்களோடது போய் அது வரும். சார் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேப்பார். டைரக்டர் போனைப் பார்த்துட்டிருப்பார். தேவைப்பட்டா…"

"அழுத்தினா எனக்குத் தெரிஞ்சுடும்."

"எப்படி?"

"நல்லா இருக்கும்."

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அவன் அற்புதமாக வாசிக்கிறான், எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட— எனக்கே கூச்சமாக இருக்கிறது.

(ஆ) அவள் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். உயிர் சார் மனம் நெகிழ்ந்து, "அப்படின்னா இனிமே கம்பி எதுக்கு?" என்கிறார். இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

(இ) மேல்மாடிப் பெண்ணிடமே கேட்டேன், உங்கள் கதையில் என்ன ஆயிற்று என்று. "நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்றார். இன்னும் வைக்கவில்லை என்றேன். "அப்ப அதுவரைக்கும் கரெக்ட்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஆகவே இது வரைக்கும்தான் என்னால் முடிந்தது: ஸ்டுடியோவில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி. இந்தப் பக்கம் உயிர் சார் கண்ணை மூடியிருக்கிறார், டைரக்டர் போனைத் தடவுகிறார், அவள் கணினிக்கு முன்னால். சரணம் முழுக்க அவன் நன்றாகத்தான் வாசிக்கிறான், மோதிர விரல் ஒரு இடத்தில் கீச்சிட்டது தவிர. அது நடப்பட்ட கீச் அல்ல. சரணம் முடியப்போகிறது. கம்பி, ஆரம்பத்தில் செய்ய மறந்ததை இப்போது செய்கிறான்: சாய்ந்து நிமிர்கிறான். புது நாற்காலி, ஸ்டுடியோ நாற்காலி, எண்ணெய் போட்டது. இருந்தும் கிறீச்சிடுகிறது.

உயிர் சாரின் புருவம் சுருங்குகிறது. கண் இன்னும் திறக்கவில்லை.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதைச் செய்தது நான். விசையின் மேல் இப்போது இருப்பது உங்கள் விரல். பல்லவிக்கு ஒரு தட்டு பாக்கி, அவன் ஏற்கனவே கொஞ்சம் முந்த