பெண்வழிக் கோப்பை

பக்கத்து வளவில் பன்றி வேகிற வாசனை வந்தபிறகுதான் மோயெலாங்கிக்குச் சங்கதி தெரிந்தது. இன்றைக்குப் பட்டம் கட்டப்போகிறார்கள். துய்ஃபாலே பட்டம். சாவாயித் தீவின் அந்தக் கரை முழுவதற்கும் தலைமைப் பட்டம், அவளுடைய தாய்மாமன் சாகும்வரை சுமந்த பட்டம். யாருக்குக் கட்டுவது என்று பேச அவளைக் கூப்பிடவில்லை. கட்டுகிறோம் என்று சொல்லியும் அனுப்பவில்லை. சொந்த வீட்டுக் காரியத்தை மூக்கால் மோந்து தெரிந்துகொள்கிற கேவலம் வேறு யாருக்கு வரும்!

துய்ஃபாலே என்பது அப்பன் செத்தால் மகன் மடியில் தானாக விழும் தேங்காய் இல்லை. ஆண்வழியும் பெண்வழியும் ஒன்றாக உட்கார்ந்து, யார் உழைத்தான், யாருக்குத் தகுதி என்று பேசித் தீர்க்க வேண்டும். சமோவாவில் சகோதரி என்பவள் சகோதரனின் கண்மணி. அதனால்தான் பட்டம் கட்டும் நாளில் காவா வேரை இடித்துப் பிழிந்த சாற்றின் முதல் கோப்பை பெண்வழியின் மூத்தவளுக்குப் போகும். அவள் குடித்தால் சம்மதம். அவள் குடிக்காமல் அந்தக் குடும்பத்தில் எவனும் துய்ஃபாலே ஆனதில்லை. இப்போது அந்த மூத்தவள் மோயெலாங்கி.

விறுவிறுவென்று நடந்து போனாள். சமையல் கொட்டகைக்குப் பின்னால் அவள் தம்பி நேமியா உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் பூசி, இடுப்பில் மரப்பட்டைத் துணி சுற்றி நின்றான்.

"என்னடா கோலம் இது?"

"கோப்பை தூக்கச் சொல்லிருக்காருக்கா, தாஃபிலி."

"யாருக்குத் தூக்கப்போற?"

"ஃபெரேத்திக்குத்தான். ஆக்லாந்துலேருந்து வந்துட்டாப்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபெரேத்தி மாமனின் மகன், வெளிநாட்டில் பிழைப்பவன். மாமன் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் அவன் எட்டிப் பார்த்ததில்லை.

"மாமாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுனது நீ. அந்தத் தொரைக்குப் பட்டமா? அதுக்கு நீயே கோப்பை தூக்கணுமா? வெக்கமா இல்ல உனக்கு?"

"விடுக்கா. பெத்த புள்ள. அங்கேருந்து எவ்வளவு டப்பாக்கறி அனுப்புனாப்ல."

"ராத்திரியெல்லாம் மாமாவப் பொரட்டிப் படுக்க வெச்சது டப்பாக்கறியாடா?"

நேமியா சிரித்துவிட்டான். பிறகு மெல்லச் சொன்னான், "சண்டை வேணாங்க்கா. உன்னையக் கூப்புடுவாங்க. குடிச்சிட்டு வந்துடு. ஊரே பாக்குது."

தோளில் நார் விசிறி தொங்க, கையில் நீளக் கோலோடு தாஃபிலி வந்தார். குடும்பத்தின் பேச்சாளர். சபையில் வாய்ச்சொல்லெல்லாம் அவருடையது.

"வாம்மா மோயெலாங்கி, உன்னத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

"எங்க தேடுனீங்க, கடலுக்குள்ளயா? என் வீடு அடுத்த வளவுதான்."

"அக்கரையில ஆப்பியா டவுன்ல அவசரமாக் கூட்டம் போட வேண்டியதாப் போச்சு. உன்னைய அழைச்சுக்கக் கப்பல் நேரம் ஒத்துவரல..."

"பெண்வழி இல்லாத கூட்டம் ஒரு கூட்டமா? நாலு பேரு உக்காந்து கொக்கோ குடிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

"முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கும்மா? உன் கோப்பை உனக்கு உண்டு. மரியாதை கொறையாது."

அவர் போட்ட கணக்கு அவளுக்குப் புரிந்தது. ஊர் கூடிவிட்டது, பாதிரியார் ஜெபம் முடிக்கப்போகிறார், பாய்கள் விரித்தாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் ஒரு பெண்பிள்ளை என்ன செய்துவிடுவாள், நாணிக்கொண்டு குடித்துவிடுவாள். அந்த நினைப்புதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

சபை கூடியது. வட்ட வீட்டின் நடுத்தூணில், மாமன் சாய்ந்து உட்கார்ந்த அதே தூணில், ஃபெரேத்தி சாய்ந்திருந்தான். இடுப்பில் பட்டம் கட்டுபவர் சுற்றிக்கொள்ளும் பழைய மெல்லிய பாய், கழுத்தில் மாலை. வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்து, "நல்லாருக்கியாக்கா?" என்று வாயசைத்தான். பாவம், அவன்மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபமில்லை. தூணைக் காட்டி உட்காரச் சொன்னவர்கள்மேல்தான்.

தாஃபிலி இழுத்த குரலில் பெண்வழிக் கோப்பையை அழைத்தார். நேமியா தேங்காய்ச் சிரட்டையில் காவாவை ஏந்தி, நெற்றிக்கு மேல் உயர்த்தி நடந்து வந்தான். அவன் புறங்கையில் வெந்நீர் பட்ட தழும்பு இருந்தது. மாமனைக் குளிப்பாட்டப்போய்க் கொட்டிக்கொண்டது. குனிந்து கோப்பையை நீட்டினான். குடித்துவிடு என்று கண்ணால் கெஞ்சினான்.

வாங்கினாள். குடிக்குமுன் இரண்டு சொட்டுப் பாயோரம் சிந்துவது வழக்கம். சிந்தினாள். கையை நிமிர்த்தவில்லை. மூன்றாவது சொட்டு விழுந்தது, பிறகு தாரையாக ஒழுகியது, கடைசியில் சிரட்டை காலியானது.



"உழைச்சவன் கோப்பை தூக்குறான், பறந்து வந்தவன் தூணுல சாயுறான்," என்றாள். "எங்களக் கேக்காமப் பேசி முடிச்சிட்டு, ஊரக் காட்டிக் குடிக்க வெச்சிரலாம்னு பாத்தீங்க. இது என் தொண்டைக்குள்ள எறங்காது."

காலிச் சிரட்டையைத் தம்பி கையில் கொடுத்தாள்.

தாஃபிலியின் முகம் கறுத்துவிட்டது. கோலைத் தரையில் தட்டினார். "பொம்பளைக் கோவத்துக்குச் சடங்கு நிக்காது! நேமியா, கோப்பைய ரொப்பு! துய்ஃபாலேவுக்குக் கொண்டு போ!"

எல்லாக் கண்களும் நேமியாமேல் திரும்பின. தண்ணி கொண்டா என்றால் கொண்டுவருவான், மரம் ஏறு என்றால் ஏறுவான். பிறந்ததிலிருந்து ஏவிய வேலைக்கு மாட்டேன் என்று சொல்லாத பிள்ளை. தலை குனிந்தபடி காவாத் தொட்டியை நோக்கி நடந்தான். மோயெலாங்கி கண்களை மூடிக்கொண்டாள். இவனுக்காகத்தானே, இவனே போய்க் கொடுத்துவிட்டால் என்ன செய்ய முடியும்.

சிரட்டை பாயில் படும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். நேமியா அதைத் தொட்டியருகே கவிழ்த்து வைத்துவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா இது?" என்று கத்தினார் தாஃபிலி.

நேமியா பணிவாக நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா இன்னும் குடிக்கலையே பெரியவரே," என்றான்.